வெய்க்கோ வைத்த அளவுகள்

ரௌமா
செப்டம்பர் 9

அன்புத் தம்பி வெய்க்கோவுக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் அத்தான் என்ஸியோ மூன்று வேளை சாப்பிட்டு, நான்கு வேளை குறை சொல்லிக்கொண்டு சுகமாக இருக்கிறார். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? நான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. சின்ன எழுத்தில் செய்தி அடிக்க என் கண்ணும் விரலும் ஒத்துழைப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். கீழறையில் நீ பொருத்திக் கொடுத்த வீட்டு சினிமா படுத்துவிட்டது. பதினான்கு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் சவுனாவில் நீராவிக் குளியல் முடித்து ஈரத் தலையோடு வந்து அங்கே உட்கார்ந்து படம் பார்க்கிறோம். போன மாதம் இடதுபக்கத்துப் பெரிய ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. மற்றவை அரைமணி நேரம் பேசுகின்றன, அதற்குள் எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டுகிற ரிசீவர் பெட்டி சூடாகித் தானாகவே அணைந்துவிடுகிறது. ஒலிக்கருவிக் கடைக்காரர் வந்து திறந்து பார்த்தார். "மூளை நல்லாத்தான் இருக்கு, உடம்புலதான் தெம்பு இல்ல" என்றார். இரண்டு வழியாம். ஒன்று, புது ரிசீவர். இல்லையென்றால் பழையதை மூளையாக மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர்களை ஓட்டத் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர்.

என்ஸியோ விளம்பரத் தாளில் ஒரு புது ரிசீவரைப் பேனாவால் வட்டமிட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறார்.

"பழசைக் கட்டிக்கிட்டு எத்தன நாளைக்கு அழுவ?" என்கிறார்.

"வெய்க்கோ சொல்லட்டும்."

"அவன் எங்க சொல்லப் போறான்? ரெண்டு வருஷமா வடக்கே பனியில போய் உக்காந்து கலைமானுக்குக் கதை சொல்லிட்டிருக்கான்."

சினிமா அரங்குகளுக்கு ஒலி அமைப்பதையே முப்பத்தோரு வருஷம் தொழிலாகச் செய்தவன் எனக்குத் தம்பியாக இருக்கும்போது நான் ஏன் கடைக்காரரிடம் யோசனை கேட்க வேண்டும்? நீ சொல். எதுவானாலும் அதுதான் முடிவு.

ஏலக்காய் ரொட்டி அனுப்ப நினைத்தேன். ஆயிரம் கிலோமீட்டர் போவதற்குள் கல்லாகிவிடும். வந்தால் சுடச்சுடத் தருவேன்.

உன் அக்கா
ஹில்க்கா


இனாரி
செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலுக்குக் குளிர் ஆகாது, கீழறைக்குப் போகும்போது கம்பளி உறை போட்டுக்கொள். நான் நன்றாக இருக்கிறேன். விறகு வெட்டி அடுக்கியாகிவிட்டது. மலை முழுக்க இலைகள் சிவந்து கிடக்கின்றன. பக்கத்து வீட்டு ஆஸ்லாக் பிடித்த மீனில் பாதியை என் வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். போனில் இங்கே சிக்னல் சரியாக இருப்பதில்லை. கடிதமே நல்லது.

கடைக்காரர் சொன்னது சரி. அந்த முன்பக்க ஸ்பீக்கர்கள் மூன்றும் பெருந்தீனிக்காரர்கள். ரிசீவர் என்பது ஒரே ஆள் சமைத்து, பரிமாறி, பாத்திரமும் கழுவுகிற வீடு மாதிரி. தனி ஆம்ப்ளிஃபயர் வந்தால் சுமை தூக்குகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். ரிசீவர் நிம்மதியாக யோசிக்க மட்டும் செய்யலாம். ஒலியை மட்டும் பார்த்தால் இரண்டாவது வழிதான் மேல்.

ஆனாலும் நீங்கள் புது ரிசீவரே வாங்குங்கள். அத்தான் சொல்வதே சரி. பெட்டியோடு ஒரு சின்ன மைக் தருவார்கள். நீ உட்காரும் இடத்தில் அதை வைத்துப் பொத்தானை அழுத்தினால், கருவி தானே சத்தம் எழுப்பி, தானே அளந்து, எல்லா அளவுகளையும் தானே வைத்துக்கொள்ளும். ஐந்து நிமிஷ வேலை. யாரும் வந்து காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை.

அத்தானுக்கு என் அன்பு.

வெய்க்கோ


ரௌமா
அக்டோபர் 6

அன்புத் தம்பிக்கு,

இருவரும் நலம். பாலாடை படிந்த மாதிரி இன்று தோட்டத்தில் முதல் உறைபனி. ஆப்பிளை எல்லாம் பறித்துப் பாகு காய்ச்சிவிட்டேன்.

என்னை என்னவென்று நினைத்தாய்? மைக்காம், ஐந்து நிமிஷமாம்! நீ அந்த அறையில் மூன்று நாள் தரையில் புரண்டாய். என்னை நான்கு மூலையிலும் நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னாய். சோபாவை ஒரு விரற்கடை இந்தப் பக்கம், ஒரு விரற்கடை அந்தப் பக்கம் என்று என்ஸியோவின் இடுப்பை ஒடித்தாய். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு படத்தைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இப்போ மழை நம்ம தலைக்கு மேல பெய்யுதுக்கா" என்றாய். நிஜமாகவே நான் அண்ணாந்து பார்த்தேன்.

அந்த அளவுகள் எல்லாம் இந்தப் பழைய ரிசீவருக்குள்தான் இருக்கின்றன. நேற்று ரிமோட்டை அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்கு எண்கள்தான் தெரிகின்றன, அர்த்தம் தெரியவில்லை. ஆனால் அவை நீ வைத்தவை. ரிசீவரை வீசினால் அவையும் போய்விடும். அதனால் தனி ஆம்ப்ளிஃபயர்தான். என்ஸியோவிடமும் சொல்லிவிட்டேன். "தம்பி இல்லாத குறைக்குத் தம்பியோட பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கோ" என்று கிண்டல் செய்கிறார்.

நவம்பர் தொடக்கத்தில் கல்லறையில் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போவோமே, அப்போது வா. ஆம்ப்ளிஃபயரை நீயே இணைத்து, நீயே கேட்டுச் சரிசெய்துவிட்டுப் போ.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். நீ ஏன் இப்படித் திடீரென்று போனாய்? "அமைதி வேணும்" என்றாய். இங்கே ரௌமாவில் இல்லாத அமைதியா? நான் ஏதாவது சொல்லிவிட்டேனா?

ஹில்க்கா


இனாரி
அக்டோபர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பது சந்தோஷம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் பிடிவாதம் தெரிந்ததுதானே. சரி, ஆம்ப்ளிஃபயரே ஆகட்டும். முன்பக்கத்து மூன்றுக்கு மட்டும் போதும். பின்பக்கத்துச் சின்ன ஸ்பீக்கர்களைப் பழைய ரிசீவரே தாங்கும். ரிசீவரின் முதுகில் வெளி இணைப்புக்கான துளைகள் ஒரு வரிசையாக இருக்கும், அங்கிருந்து மூன்று வயர் ஆம்ப்ளிஃபயருக்குப் போக வேண்டும். ஒன்றின் தலைமேல் மற்றொன்றை வைக்காதீர்கள், சூட்டில் இரண்டும் சாகும். போடும்போது முதலில் ரிசீவர், பிறகு ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது முதலில் ஆம்ப்ளிஃபயர். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கர் 'தொப்'பென்று துள்ளும். வரைபடம் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துக் கடைக்காரரே இணைத்துவிடுவார்.

நவம்பரில் வர முடியாது. ஆஸ்லாக்கின் கலைமான்களைக் கூட்டிவந்து பட்டியில் அடைக்கிற சமயம், ஆள் பற்றாக்குறை. அம்மாவுக்கு என் பங்குக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று.

ஏரி ஓரங்களில் உறையத் தொடங்கிவிட்டது. உறையும்போது பனிக்கட்டி பாடுகிறது என்று ஆஸ்லாக் சொன்னான். இரவெல்லாம் பாடியதாம்.

வெய்க்கோ


இனாரி
ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஏன் கடிதம் இல்லை? கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினேன், காய்ந்த கலைமான் இறைச்சி அனுப்பினேன், எதற்கும் பதில் இல்லை. தபால் கொண்டுவரும் பெண்ணிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். உனக்கு உடம்பு சரியில்லையா? அத்தான் எப்படி இருக்கிறார்?

டிசம்பர் முதல் தேதி என் பிறந்தநாளுக்கு நீ போனில் பேசியது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு மாதமாகச் சூரியன் இல்லை. அடுத்த வாரம் ஒரு விளிம்பு எட்டிப் பார்க்கும். ஆம்ப்ளிஃபயர் வாங்கினாயா? வரைபடம் புரிந்ததா?

ஒரு வரி எழுது, போதும்.

வெய்க்கோ


ரௌமா
ஜனவரி 19

வெய்க்கோ,

உனக்கு எழுதவே கூடாது என்றிருந்தேன். என்ஸியோதான் "எழுதிடு, என்ன இருந்தாலும் உன் தம்பி" என்று மூன்று நாளாகச் சொல்கிறார்.

சந்தோஷமாக இருந்ததா உனக்கு? அன்றைக்கு நான் என்ன சொன்னேன், நீ என்ன சொன்னாய் என்று அப்படியே எழுதுகிறேன், படி.

"பிறந்தநாள் வாழ்த்துடா. ஆனா நல்ல சேதி சொல்ல முடியல. அத்தான் கீழறைப் படியில விழுந்துட்டாரு" என்றேன்.

"நல்லதுக்கா, நல்லது" என்றாய்.

"இடுப்பு எலும்பு முறிஞ்சு போரி ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணியிருக்காங்க, கேக்குதா?" என்றேன்.

"ஆமாக்கா, ரொம்ப சந்தோஷம். அத்தானையும் கேட்டதா சொல்லு. நல்லா அனுபவிங்க" என்று சிரித்தாய். சிரித்தாய், வெய்க்கோ! நான் போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரி நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் எப்படி விழுந்தார் தெரியுமா? உன் வரைபடத்தோடு ரிசீவரையும் கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்கலாம் என்று தூக்கிக்கொண்டு ஏறினார். கால் வழுக்கியதும் அதை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்திருக்கலாம். விடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டே ஏழு படி உருண்டார். ஏன் என்று கேட்டதற்கு, "உடைஞ்சா நீ அழுவியே" என்றார். அதைத் தூக்கி எறியச் சொன்ன மனிதர்!

பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. மனிதர் இன்னும் நடக்கப் பழகுகிறார்.

கலைமான் இறைச்சியைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பவா?

ஹில்க்கா


இனாரி
ஜனவரி 30

அக்கா,

கடிதத்தைப் படித்து ஐந்து நாள் ஆகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

எனக்குக் கேட்கவில்லை அக்கா. சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் எழுந்தேன், வலது காது இல்லை. அவ்வளவுதான், விளக்கை அணைத்த மாதிரி. அதிர்ச்சியில் டாக்டரிடம் போகவில்லை. போனால் உறுதியாகிவிடும் என்று பயம். பிறகு இடதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. முதலில் பறவைகள், அப்புறம் பெண்களின் பேச்சு. யாரிடமும் சொல்லவில்லை. காதை வைத்துப் பிழைத்தவன் எப்படிச் சொல்வேன்?

போரியில் அந்தப் புது சினிமா அரங்கம் திறந்தார்களே, நினைவிருக்கிறதா? ஒலி அமைத்தது நான். சன்னமான ஓசை எதுவும் எனக்கு எட்டாததால் அவற்றைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். படம் தொடங்கியதும் முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் பின்னால் புன்னகையோடு நின்றிருந்தேன். நீ எழுந்து வந்து எல்லோர் முன்னாலும், "ஏன்டா, உனக்கென்ன காது செவிடா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு இங்கே வந்துவிட்டேன். இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசாதவனை யாரும் ஏன் என்று கேட்பதுமில்லை.

பிறந்தநாளன்று போன் திரையில் உன் பெயர் வந்தது. எடுக்காமல் இருக்க மனம் வரவில்லை. கரகரவென்று ஏதோ கேட்டது, அது நீ என்று மட்டும் தெரிந்தது. நீ நிறுத்திய இடங்களில் எல்லாம் நல்லது, சந்தோஷம் என்று சொன்னேன். வாழ்த்துகிறாய் என்று நினைத்தேன். விடுமுறைக்கு எங்கோ போகிறீர்கள் போல என்றுகூட நினைத்தேன்.

அத்தானிடம் எப்படிச் சொல்வாயோ தெரியாது. சொல்லிவிடு. அவர் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

வெய்க்கோ


ரௌமா
பிப்ரவரி 6

என் கண்ணே, வெய்க்கோ,

உன் கடிதத்தை என்ஸியோவுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன், பாதியில் முடியவில்லை. அவரே வாங்கி மீதியைப் படித்தார். படித்துவிட்டு, "அந்த அரங்கத்துல நீ அப்படிச் சொன்ன. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.

எனக்கு நினைவே இல்லை தம்பி. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. உன்னை ஊரைவிட்டே விரட்டிய ஒரு வார்த்தை, சொன்னவளுக்கு மறுநாளே மறந்திருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்ஸியோ உனக்குச் சொல்லச் சொன்னது: "விழுந்ததுக்கு என்னை யாருமே பாராட்டலை. வெய்க்கோ ஒருத்தன்தான் பாராட்டினான்." சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், கண்ணையும் துடைத்துக்கொள்கிறார்.

ஆம்ப்ளிஃபயர் வந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்கவில்லை. யார் சொன்னாலும் கடைக்காரரைத் தொடவிட மாட்டேன். ஈஸ்டருக்கு வா. கேட்க வேண்டாம், சரிசெய்ய வேண்டாம், சும்மா வா. அதற்கு முன் ரொவானியெமி போய்க் காது டாக்டரைப் பார். இது அக்கா உத்தரவு.

இறைச்சியைப் பிரித்துவிட்டேன். நல்ல ருசி.

ஹில்க்கா


இனாரி
மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் கைத்தடியோடு தோட்டம் வரை நடக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதை ஆஸ்லாக்குக்கும் காட்டினேன்.

டாக்டரைப் பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள். வெகுநேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன். வெளியே இருந்த பெண் என்னைப் பாவமாகப் பார்த்தாள். வலது காது இனி வராது. இடதுக்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். பேச்சு கொஞ்சம் பிடிபடுகிறது. மற்றதெல்லாம் தகரத்தில் ஆணி உருட்டுகிற மாதிரி இருக்கிறது. முன்பு கேட்டது போல இனி எதுவும் கேட்காது, அதை மட்டும் எதிர்பார்க்காதே.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் தாம்பரேயிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்குவேன். வேறு யாரையும் அழைக்காதே. எதிரே நின்று, மெதுவாகப் பேசு. கத்தாதே.

வெய்க்கோ


ரௌமா
ஏப்ரல் 21

அன்புத் தம்பிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக நீ எழுதிய தபால் அட்டை கிடைத்தது. காதுக் கருவிக்கு மாற்று பேட்டரி வாங்கிவைத்தாயா? என் முழங்கால் பரவாயில்லை. என்ஸியோ தடியைத் தோட்டத்தில் மறந்து வைத்துவிட்டு வருகிறார், அந்த அளவுக்குத் தேறிவிட்டார்.

இங்கே இருந்தபோது நீ ஒன்று கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. ஆம்ப்ளிஃபயரை இணைத்து முடித்ததும் நீ ரிசீவரின் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாய். "என்னடா பண்ற?" என்றேன். "எல்லாத்தையும் அழிக்கிறேன்" என்றாய். நான் மேலே ஓடிவிட்டேன். ஏன் ஓடினேன் என்று கேட்டாயே, இதற்குத்தான். இத்தனை மாதம் அந்த எண்களுக்காகச் சண்டை போட்டேன், உன் அத்தான் அவற்றுக்காக எலும்பை உடைத்துக்கொண்டார், நீ ஒரு நொடியில் துடைத்துவிட்டாய்.

நீ பின்னாலேயே வந்து சமையலறை வாசலில் நின்றாய். "புது ஆம்ப்ளிஃபயரோட பலம் வேற, பழைய அளவு பொருந்தாதுக்கா. அது எனக்கு முன்னாடியே தெரியும், உனக்கு எழுத மனசு வரல" என்றாய். அப்புறம் சொன்னாய்: "அதெல்லாம் பழைய காதோட கணக்கு. அந்தக் காது செத்துப்போச்சு. வா, உன் காதைக் குடு."

என் காதை எதற்கும் இதுவரை யாரும் கேட்டதில்லை. நான் சோபாவில் உட்கார, நீ ரிமோட்டோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். "இப்போ?" "இன்னும்." "இப்போ?" "அய்யோ, ஜாஸ்தி." என் நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்தே நீ பாதியைக் கண்டுபிடித்தாய். இரண்டு நாள். மழை தலைக்கு மேலே பெய்யவில்லை, பக்கத்து வீட்டில்தான் பெய்தது. அதை உன்னிடம் சொன்னேன். "பரவால்ல, நமக்கு நனையாது" என்றாய்.

கடைசி நாள் சனிக்கிழமை, சவுனா முடிந்து மூவரும் படம் பார்த்தோமே, அப்போது உனக்குத் தெரியாமல் நான் ஒன்று செய்தேன். பேச்சு வருகிற நடு ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனேன். திரையைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். எட்டாவது அழுத்தலில், படத்தில் கிழவன் மனைவியிடம் ஏதோ முணுமுணுத்த இடத்தில், எங்களுக்கு முந்தி நீ சிரித்தாய். திரையின் அடியில் வரும் வசன எழுத்தைப் படித்துச் சிரித்திருக்க முடியாது, அது ஓடவில்லை. அதோடு நிறுத்தி, அந்த அளவிலேயே விட்டுவிட்டேன்.

நீ போன பிறகு நேற்று மறுபடி படம் போட்டோம். காது கிழிகிறது, வெய்க்கோ. ஒவ்வொரு வார்த்தையும் நெற்றியில் அடிக்கிறது. என்ஸியோ ரிமோட்டை எடுத்து, "கொஞ்சம் குறைக்கட்டுமா?" என்றார். நான் அவரைப் பார்த்தேன். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, காதில் அடைக்கப் பஞ்சு எடுத்துவர மேலே போனார்.

பாதிப் படத்தில் கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு லெம்பி, கோபத்தோடு.

"ஹில்க்கா, தெருமுனை வரைக்கும் கேக்குது. என்ன இது?"

"என் தம்பிக்குக் கேக்கணும்ல" என்றேன்.

"அவர் போன வாரமே ஊருக்குப் போயிட்டாரே? நானே பஸ் ஏறினதைப் பார்த்தேன்."

"தெரியும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து மீதிப் படத்தைப் பார்த்தேன்.

உன் அக்கா
ஹில்க்கா